தவறிப் பார்க்க ஓர் இடம்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை. கண்ணுக்கெட்டிய தூரம் வயலும் மேய்ச்சல் தரையும். விடியுமுன் இருட்டோடு வரம்பில் நடப்பவரின் காலில் கண்ணாடி விரியன் கடிப்பது அங்கே புதுச் செய்தியல்ல. கடிபட்டவரை வைத்தியசாலையில் சேர்த்து, விஷமுறிவு மருந்து ஏறத் தொடங்கியதும் வீட்டார் பெருமூச்சு விடுவார்கள். கட்டிலருகே நிற்கும் தாதிய உத்தியோகத்தருக்கோ அப்போதுதான் மிகக் கவனமான நேரம் தொடங்குகிறது.

காரணம் அந்த மருந்துக்குள்ளேயே இருக்கிறது. இலங்கையில் பயன்படும் விஷமுறிவு மருந்து இந்தியாவில் தயாராகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் சிறுகச் சிறுகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் புரதங்களைப் பிரித்தெடுக்கிறார்கள். நஞ்சை முறிக்கிற அந்தக் குதிரைப் புரதத்தையே மனித உடல் அந்நியப் பொருளாகக் கண்டு கொந்தளிக்கலாம். 2011 இல் வெளியான இலங்கை ஆய்வொன்று, மூன்று வைத்தியசாலைகளில் இந்த மருந்து பெற்ற 1007 பேரைக் கவனித்தது. அவர்களில் 75 வீதமானோருக்கு ஏதோ ஒரு வகையில் உடனடி எதிர்விளைவு ஏற்பட்டது. விஷமுறிவு மருந்துக்கு முன்பாகச் சிறிதளவு அட்ரினலின் கொடுத்தால், முதல் ஒரு மணி நேரத்துக்குள் வரும் தீவிர எதிர்விளைவுகள் 43 வீதம் குறையும் என்பதையும் அதே ஆய்வுதான் காட்டியது.

எதிர்விளைவு தீவிர ஒவ்வாமையாக மாறினால் தோல் தடிக்கும், மூச்சுக்குழல் இறுகும், இரத்த அழுத்தம் சரியும். செய்ய வேண்டியவை சிலதான். ஏறிக்கொண்டிருக்கும் மருந்தை நிறுத்த வேண்டும். உதவிக்கு ஆள் அழைக்க வேண்டும். வளர்ந்தவராயின் 0.5 மில்லிகிராம் அட்ரினலினைத் தொடையின் வெளிப்புறத் தசையில் போட வேண்டும். நோயாளியைப் படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும், ஒட்சிசனும் சேலைனும் கொடுக்க வேண்டும். குணமில்லையென்றால் ஐந்து நிமிடத்தில் அட்ரினலினை மீண்டும் போடலாம். தாளில் எழுதினால் அரைப் பக்கம் வராது. ஆனால் அந்தச் சில நிமிடங்களை ஒரு மாணவி எங்கே, யாரிடம் பழகுவது?

தற்செயலை நம்பிய படிப்பு

மட்டக்களப்பில் தாதியர் கல்லூரி இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடம் மருத்துவத்தோடு தாதியியல் பட்டப்படிப்பையும் நடத்துகிறது. எந்த ஊரிலும் போலவே இங்கும் தாதியர் கல்வியின் பெரும்பகுதி வார்டிலேதான் நடக்கிறது. மூத்தவர் செய்வதைப் பார்ப்பது, அவர் பக்கத்தில் நிற்கச் செய்து பார்ப்பது, பிறகு தனியே செய்வது.

இந்த வழிக்கு ஈடு இணை இல்லை. நோயாளியின் முகத்தை வேறெங்கும் படிக்க முடியாது. ஆயினும் வார்டு பாடத்திட்டத்தைப் பார்த்து நோயாளிகளை அனுப்புவதில்லை. ஒரு மாணவிக்குப் பயிற்சிக் காலம் முழுவதும் தீவிர ஒவ்வாமை ஒன்றைக்கூடக் காணக் கிடைக்காமல் போகலாம். அப்படியே கிடைத்தாலும் அந்த நெருக்கடியில் அவளைச் சுவரோரம் ஒதுங்கச் சொல்வார்கள். சொல்வதுதான் நியாயமும்கூட. ஆகவே பட்டம் பெற்று, படுவான்கரையின் மகிழடித்தீவு வைத்தியசாலை போன்ற ஓரிடத்தில் இரவுக் கடமைக்குப் போகும்போது, அவள் வாழ்க்கையின் முதல் தீவிர ஒவ்வாமை அவளுடைய முழுப் பொறுப்பில் வந்து நிற்கக்கூடும். அந்த முதல் அனுபவத்தை நோயாளி வருமுன்பே ஏற்படுத்திக் கொடுப்பதுதான் சிமுலேஷன் எனப்படும் மாதிரிப் பயிற்சி.

சுரைக்காயிலிருந்து ரப்பர் மார்பு வரை

இந்த எண்ணம் நம் பக்கத்தில் மிகப் பழையது. அறுவை மருத்துவத்தின் ஆதி நூல்களில் ஒன்றான சுசுருத சம்ஹிதையில் பயிற்சிக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. கீறிப் பழகச் சுரைக்காய், வெள்ளரி, தர்ப்பூசணி. கட்டுப்போட்டுப் பழக மனித வடிவில் செய்த பொம்மை. எல்லா நூல்களையும் கற்றவனானாலும் கை பழகாதவன் வேலைக்குத் தகுதியற்றவன் என்பது அந்த அதிகாரத்தின் தீர்ப்பு.

பிரான்சில் 18 ஆம் நூற்றாண்டில் மதாம் து குத்ரே என்ற மருத்துவமாது, துணியாலும் தோலாலும் பஞ்சாலும் ஒரு பெண்ணின் இடுப்பையும் குழந்தையையும் செய்தார். 1759 இல் மன்னர் பதினைந்தாம் லூயியின் ஆணை பெற்று, அந்தப் பொம்மையோடு நாடு முழுவதும் பல ஆண்டுகள் பயணம் செய்து, ஆயிரக்கணக்கான கிராமப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கக் கற்றுக் கொடுத்தார். அவர்களில் பலருக்கு எழுத்தறிவு கிடையாது. புத்தகத்தால் எட்ட முடியாதவர்களைப் பொம்மை எட்டியது. அவருடைய பொம்மைகளில் ஒன்று ரூவான் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

தாதியருக்கென்றே பிறந்த பொம்மை 1911 இல் வந்தது. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் வைத்தியசாலைத் தாதியர் பள்ளியின் தலைவி, மார்த்தா சேஸ் என்ற பொம்மை செய்பவரிடம் ஆளுயரப் பொம்மை ஒன்று கேட்டார். நோயாளியைப் புரட்டவும் உடுத்தவும் படுக்கை மாற்றவும் மாணவியர் அதில் பழகினார்கள். 'மிசஸ் சேஸ்' என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. 1914 இல் கையில் ஊசி போடும் இடத்தோடு புதிய வடிவம் வந்தது. 1960 இல் நோர்வேயின் விளையாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்முண்ட் லேர்டால், வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்கவும் மார்பை அழுத்தவும் பழகுவதற்கான 'ஆன்' என்ற பொம்மையை உருவாக்கினார். செய்ன் ஆற்றில் மூழ்கிய பெயர் தெரியாத இளம்பெண்ணுடையது என்று சொல்லப்படும் முக அச்சுத்தான் அதன் முகம்.

பொருளைப் பொம்மையாக்கியதைப் போலவே மனிதரையும் நோயாளியாக்கினார்கள். 1963 இல் நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பரோஸ், நலமாக இருப்பவர்களுக்கு நோயாளியாக நடிக்கப் பயிற்சி கொடுத்து மாணவரிடம் அனுப்பும் முறையைத் தொடங்கினார். இன்றைய விலையுயர்ந்த பொம்மைகள் மூச்சு விடும், கண்மணி சுருங்கும், நாடி துடிக்கும். ஆனாலும் இந்த வரலாற்றின் சாரம் இயந்திரத்தில் இல்லை என்பதே என் உறுதியான எண்ணம். அது கற்பவரின் வயதில் இருக்கிறது.

வளர்ந்தவர் எப்படிக் கற்கிறார்

தாதியியல் மாணவி உயர்தரம் முடித்து வந்தவள், வளர்ந்தவள். வளர்ந்தவர்கள் குழந்தைகளைப்போலக் கற்பதில்லை என்ற கருத்தை 1970களில் பரவலாக்கியவர் அமெரிக்கக் கல்வியாளர் மல்கம் நோல்ஸ். வளர்ந்தவர் ஒன்றைக் கற்குமுன் அது எதற்கு என்று அறிய விரும்புவார். தன் கற்றலைத் தானே நடத்த விரும்புவார். வெறும் கையோடு வராமல் தன் அனுபவத்தோடு வருவார். வாழ்க்கையில் தேவை வரும்போது கற்கத் தயாராவார். பாடத்தைத் தலைப்பாகப் பார்க்காமல் தீர்க்க வேண்டிய பிரச்சினையாகப் பார்ப்பார். பரிசையும் தண்டனையையும்விட உள்ளிருந்து எழும் உந்துதலே அவரை அதிகம் நகர்த்தும்.

இதில் அனுபவம் என்ற ஒன்றை மட்டும் எடுத்துப் பாருங்கள். படுவான்கரையின் வெல்லாவெளியிலிருந்தோ வவுணதீவிலிருந்தோ வரும் மாணவிக்குப் பாம்புக்கடி புத்தகச் செய்தியல்ல. பெரியப்பாவுக்குக் கடித்தபோது கடிவாய்க்கு மேலே கயிற்றை இறுக்கிக் கட்டியதை அவள் பார்த்திருக்கலாம். முதலில் விஷகடி வைத்தியரிடம் கொண்டுபோனதைப் பார்த்திருக்கலாம். வாவியைக் கடக்கப் பாதை எனப்படும் படகுக்காகத் துறையில் காத்து நின்ற கதைகளைக் கேட்டு வளர்ந்திருக்கலாம். மண்முனையில் பாலம் வந்ததே 2014 இல்தான். இந்த அனுபவம் வகுப்புக்குப் பெரிய சொத்து. நோயாளி ஏன் தாமதித்து வந்தார் என்பது அவளுக்கு ஆசிரியரைவிட நன்றாகத் தெரியும். அதே அனுபவத்துக்குள் தவறான பாடமும் ஒட்டியிருக்கும். கயிற்றை இறுக்கிக் கட்டுவது இரத்த ஓட்டத்தைத் தடுத்துக் காலுக்கே கேடு செய்யும் என்று விரிவுரையில் கேட்டு எழுதிக்கொள்வாள். நெருக்கடி வந்தால் சின்ன வயதில் பார்த்ததே முதலில் கைக்கு வரும். பழைய அனுபவத்தை அசைக்க இன்னோர் அனுபவம் வேண்டும். மாதிரிப் பயிற்சி கொடுப்பது அதைத்தான்.

பேசாத ஆசிரியர்

ஒரு மாதிரிக் காட்சியை நினைத்துப் பார்ப்போம். அறையில் ஒரு கட்டில், சேலைன் கம்பம், மொனிட்டர், அவசர மருந்துத் தட்டு. கட்டிலில் பொம்மை. நாடியை எங்கே பார்ப்பது, யாரைத் தொலைபேசியில் அழைக்கலாம் என்பதையெல்லாம் ஆசிரியர் முதலில் காட்டுகிறார். 'இது பரீட்சை இல்லை, இங்கே நடப்பது இந்த அறையை விட்டு வெளியே போகாது' என்றும் சொல்கிறார். பிறகு கதை: நாற்பது வயது விவசாயி, காலில் கண்ணாடி விரியன் கடி, விஷமுறிவு மருந்து ஏறத் தொடங்கிப் பத்து நிமிடம்.

நான்கு மாணவர் உள்ளே வருகிறார்கள். திரைக்குப் பின்னாலிருந்து நோயாளியின் குரல்: "மிஸ், மேலெல்லாம் சொறியுது." மொனிட்டரில் நாடி ஏறுகிறது, அழுத்தம் இறங்குகிறது. "மிஸ், நெஞ்சுக்குள்ள இறுக்கமா இரிக்கு." ஒருத்தி அழுத்தத்தை மறுபடி அளக்கிறாள். ஒருவர் டொக்டரைக் கூப்பிட ஓடுகிறார். மூன்றாமவர் நோயாளிக்கு ஆறுதல் சொல்கிறார். நாலாமவர் குறிப்பேட்டைப் புரட்டுகிறார். மருந்து மட்டும் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஒன்றரை நிமிடம் கழித்துத்தான் யாரோ அதைப் பார்க்கிறார்கள். அவ்வளவு நேரமும் ஆசிரியர் வாய் திறப்பதில்லை. கற்பிப்பவருக்கு இதைவிடக் கடினமான வேலை வேறில்லை.

காட்சி முடிந்ததும் எல்லாரும் வட்டமாக அமர்கிறார்கள். பெரும்பாலும் காட்சியைவிட இந்தப் பின்னுரையாடலே நீளமானது. "ஏன் மருந்தை நிறுத்தவில்லை?" என்று கேட்டால் தலை குனியும், பதில் வராது. தேர்ந்த ஆசிரியர் வேறுவிதமாகக் கேட்பார்: "அழுத்தம் இறங்கியபோது மருந்து ஓடிக்கொண்டிருந்ததைக் கண்டேன். முதலில் நிறுத்துவீர்கள் என்று எதிர்பார்த்தேன். அந்த நேரம் உங்கள் மனதில் என்ன ஓடியது?" சற்று அமைதிக்குப் பிறகு ஒருத்தி சொல்கிறாள்: "டொக்டர் எழுதின மருந்து. நானாக நிறுத்தினால் ஏசுவார் என்று பயமாக இருந்தது."

இங்கேதான் இந்த முறையின் அற்புதம் வெளிப்படுகிறது. அவளுக்கு அறிவு குறைவில்லை. எழுத்துப் பரீட்சையில் 'முதற்படி மருந்தை நிறுத்துதல்' என்று சரியாக எழுதியிருப்பாள். அவள் கையைத் தடுத்தது அதிகாரத்தின் மீதான அச்சம். எந்தக் கேள்வித்தாளும் இதைக் கண்டுபிடித்திருக்காது. பெரியவர் முன் பேசாதிருப்பதை மரியாதை என்று பழகிய நம் சமூகத்தில் இந்தத் தயக்கம் உயிரைக் கொண்டுபோகக்கூடியது. "மருந்தை நிறுத்திவிட்டேன் டொக்டர், அட்ரினலின் போடப் போகிறேன்" என்று உரக்கச் சொல்வதும் ஊசி போடுவதைப் போலவே ஒரு திறன். அதையும் வாய்விட்டுப் பழக வேண்டும். பழகியபின் அதே நால்வரும் அதே காட்சியை மீண்டும் செய்வார்கள். செய்தல், திரும்பிப் பார்த்தல், அதிலிருந்து பொதுக் கருத்தை எடுத்தல், மறுபடி முயலுதல் என்று 1984 இல் டேவிட் கோல்ப் விளக்கிய அனுபவக் கற்றலின் சுழற்சி ஒரு பிற்பகலுக்குள் முழுதாகச் சுற்றி முடிகிறது.

இந்த உரையாடல் நடக்க வேண்டுமானால் தவறைச் சொல்ல அச்சம் இருக்கக்கூடாது. ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் அமெரிக்க வைத்தியசாலைப் பிரிவுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கிய குழுக்களில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறியதாக அதற்குப் பொருளில்லை. நடந்ததை மறைக்காமல் பேசினார்கள். மாணவியை எல்லார் முன்னிலையிலும் ஏசித் திருத்தும் வழக்கம் தவறுகளைக் குறைப்பதில்லை, கண்ணுக்கு மறைத்துவிடுகிறது.

சான்றுகள் சொல்வது

பொம்மையோடு கழிக்கும் நேரம் நோயாளியோடு கழிக்கும் நேரத்துக்கு ஈடாகுமா? அமெரிக்காவின் தாதியர் சபைகளின் தேசிய அமைப்பு 10 கல்லூரிகளில் நடத்தி 2014 இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. முடிவுவரை இருந்த 666 மாணவரில் ஒரு பிரிவினருக்கு வார்டுப் பயிற்சி நேரத்தில் பாதிவரை மாதிரிப் பயிற்சியாக மாற்றப்பட்டது. அறிவிலும் மருத்துவத் திறனிலும் உரிமப் பரீட்சைத் தேர்ச்சியிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அங்கே ஆசிரியர்கள் முறையாகப் பயிற்றப்பட்டவர்கள், பின்னுரையாடல் கட்டாயம். இந்த நிபந்தனைகளை விட்டுவிட்டு முடிவை மட்டும் மேற்கோள் காட்டுவது தவறு.

நம்மைப் போன்ற நாடுகளுக்குத் தன்சானியாவின் கதை இன்னும் நெருக்கமானது. பிறந்ததும் மூச்சு விடாத குழந்தைக்கு முதல் ஒரு நிமிடத்துக்குள் உதவக் கற்றுத்தரும் பயிற்சி 2010 இல் அறிமுகமானது. அதற்கான பொம்மை எளிமையானது. மின்சாரம் தேவையில்லை, உள்ளே நீர் நிரப்பினால் கையில் உண்மைக் குழந்தையின் கனம் தெரியும். தன்சானியாவின் எட்டு வைத்தியசாலைகளில் இதை நடைமுறைப்படுத்தியபின், பிறந்த 24 மணி நேரத்துக்குள் இறக்கும் குழந்தைகளின் வீதம் 47 வீதம் குறைந்ததாக 2013 இல் அறிக்கை வந்தது.

அதே நாட்டின் ஹைடம் வைத்தியசாலை ஒரு முக்கியமான எச்சரிக்கையையும் தந்தது. ஒருநாள் பயிற்சி பெற்ற ஊழியர்கள் பொம்மையிடம் நன்றாகச் செய்தார்கள், உண்மைக் குழந்தையிடம் பழையபடியே நடந்தார்கள். பிறகு பிரசவ அறையிலேயே பொம்மையை வைத்து, அடிக்கடி சில நிமிடம் பழகும் வழக்கம் ஏற்பட்டது. அதன்பின்தான் இறப்புக் குறைந்தது. ஒருநாள் பட்டறையும் சான்றிதழும் குழுப்படமும் போதாது. சிறிதளவு, அடிக்கடி, வேலை செய்யும் இடத்திலேயே என்பதுதான் பலன் தந்த முறை.

வாவிக்கரையின் சொந்தப் பாடங்கள்

இதையெல்லாம் மட்டக்களப்பில் செய்யப் பெரும் பணம் வேண்டும் என்ற எண்ணம் தேவையில்லை. இங்குள்ள பெரிய செல்வத்தை இன்னும் நாம் இந்தக் கண்ணால் பார்க்கவில்லை. வாவியைச் சூழ்ந்த ஊர்களில் வடமோடி, தென்மோடிக் கூத்து எப்படிப் பழக்கப்படுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். ஆடுபவருக்கு அவரவர் பாட்டு எழுதிய சட்டம் கொடுத்த நாளிலிருந்து ஊரார் நடுவே இரவிரவாகப் பழகுவார்கள். ஆட்டம் பிழைத்தால் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் திருத்துவார், மறுபடி ஆடுவார்கள். சதங்கை அணிந்தபின்னும் பழக்கம் தொடரும். அரங்கேற்றம் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான். உழைத்துக் களைத்து வந்த வளர்ந்த மனிதர்கள் தங்கள் விருப்பத்தால் மாதக்கணக்கில் கற்கும் முறை இந்த மண்ணில் வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறது.

கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அதுவும் கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததே. நாடகம் பயிலும் மாணவர் நோயாளியாகவும், பதறும் மனைவியாகவும், கோபப்படும் மகனாகவும் வந்து நின்றால் எந்த வெளிநாட்டுப் பொம்மையும் அதற்கு ஈடாகாது. வலியை இந்த ஊர்த் தமிழில் சொல்லும் நோயாளியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் பயிற்சி அப்போதுதான் கிடைக்கும். நடிப்பவருக்கும் அது நல்ல பாடம்.

காட்சிகளுக்கும் பஞ்சமில்லை. மாரி மழைக்குப் பின் வரும் டெங்கில், குருதியின் நீர்ப்பகுதி நாளங்களை விட்டுக் கசியும் ஆபத்துக் கட்டம் 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். இரத்த அழுத்தத்தின் மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் உள்ள இடைவெளி 20 ஆகவோ அதற்குக் கீழாகவோ சுருங்கினால் அதிர்ச்சி நிலை வந்துவிட்டது என்று பொருள். அந்த ஒன்றிரண்டு நாளை இருபது நிமிடத்துக்குள் சுருக்கி, மணிக்கொரு அளவீடாகக் காட்டலாம். பிரசவத்துக்குப் பின் போகும் இரத்தத்தைக் கண்ணால் மதிப்பிடும்போது பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறோம். சிவப்புச் சாயம் கலந்த நீரை அளந்து துணியில் ஊற்றி, 500 மில்லிலீட்டர் எப்படி இருக்கும் என்று கண்ணைப் பழக்க ஒரு வாளியும் அளவுச் சாடியும் போதும்.

2004 டிசம்பர் 26 இல் கடல் கல்லடியையும் நாவலடியையும் அடித்துச் சென்றது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு காலையில் சியோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, சிறுவர்களும் பெரியவர்களுமாகக் காயப்பட்டவர்கள் போதனா வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரே நேரத்தில் பலர் வந்தால் யாரை முதலில் கவனிப்பது என்பதை அன்றைக்கு யோசிக்க முடியாது. அதை அமைதியான நாளொன்றில் பழகி வைத்திருக்க வேண்டும். இந்த நகரத்துக்கு அது யாரும் விளக்கிச் சொல்ல வேண்டிய செய்தி அல்ல.

மாதிரிப் பயிற்சிக்கு எல்லைகள் உண்டு. பொம்மையின் கை குளிர்வதில்லை, அதன் வீட்டார் வாசலில் அழுவதில்லை. வார்டில் மூத்த தாதியின் அருகே நின்று கற்பதை அது ஒருபோதும் நீக்கிவிடக்கூடாது. ஆனால் ஒரு மாணவியின் முதல் தடுமாற்றத்தை உயிருள்ள ஒருவர் தாங்க வேண்டியதில்லை. அதைத் தவிர்க்க வழியிருந்தும் தவிர்க்காமல் விடுவது நியாயமில்லை.

ஆகவே தாதியர் கல்வியைத் திட்டமிடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பொம்மை வாங்கும் பணத்துக்கு முன்பாக, நல்ல கேள்வி கேட்கத் தெரிந்த ஆசிரியர்களை உருவாக்குங்கள். நேர அட்டவணையில் பின்னுரையாடலுக்கு இடம் ஒதுக்குங்கள். பட்டம் பெற்று வேலைக்குப் போனபின்னும், வார்டிலேயே வாரம் சில நிமிடம் பழகும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள். இவை மூன்றுக்கும் வெளிநாட்டு உதவி தேவையில்லை, இந்த ஆண்டே தொடங்கலாம்.